பிணம் பேசாது

கடலூர் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் காத்திருக்கும் கூட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். “போஸ்ட்மார்ட்டம் ஆகட்டும் சார், எல்லாம் வெளிய வந்துரும்” என்பார். அதே ஆள், அறிக்கையில் தான் எதிர்பார்த்த சொல் இல்லையென்றால், மறுநாளே “டாக்டரை வளைச்சுட்டாங்க” என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு: உடம்பைத் திறந்து பார்த்தும் தெளிவாகத் தெரியவில்லை என்பது. அதற்கு நம் ஊர்ப் பேச்சில் இடமே கிடையாது.

சாமானியரைக் குறை சொல்லிப் பயனில்லை. படித்தவர்கள் இதையே கொஞ்சம் சீவிச் சிங்காரித்துச் சொல்கிறார்கள். சாலை மறியலில் மைக் பிடிக்கும் கட்சிக்காரர், சமாதானம் பேச வரும் டி.எஸ்.பி., ராத்திரி ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியில் உட்காரும் வழக்கறிஞர் என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “பிரேதப் பரிசோதனையில் உண்மை தெரியவரும்.” ‘பிணம் பொய் சொல்லாது’ என்பது பழமொழி போலவே ஆகிவிட்டது. கோர்ட் செய்தி எழுதிய காலத்தில் நானும் இதை எழுதியிருக்கிறேன். இன்று எழுத மாட்டேன். பிணம் பொய் சொல்லாது என்பது சரிதான், ஆனால் அது உண்மையும் சொல்லாது. அது பேசுவதே இல்லை. பேசுவது அதைப் பார்க்கும் மனிதர். அவர் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது, உடம்பு எங்கே, எப்படி, யாரோடு கிடந்தது என்று அவருக்குச் சொல்லப்பட்டதைப் பொறுத்தது.

உடம்பு பதில் சொல்லும் கேள்விகளும் உண்டு, மறுக்கவில்லை. 1952-ல் ஆளவந்தார் கொலையில் முண்டம் மானாமதுரையில் ரயில் பெட்டிக்குள் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, தலை சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவைதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் பொருத்திக் காட்டினார். யார் இவர் என்ற கேள்விக்கு உடம்பு அப்படி அழகாகப் பதில் சொல்லும். எதனால் செத்தார் என்பதற்கும் பல நேரம் சொல்லும். தானே செய்துகொண்டாரா, தவறி நேர்ந்ததா, இன்னொருவர் செய்தாரா என்று கேட்டால்தான் பெரும்பாலும் மௌனம். நாமோ அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறோம்.

ஓய்வுபெற்ற சட்ட மருத்துவப் பேராசிரியர் ஒருவர் எனக்கு நடத்திய முதல் பாடம் எறும்பு. சிரிக்காதீர்கள். முந்திரித் தோப்பிலோ கூரை வீட்டு மண் தரையிலோ ஒரு ராத்திரி கிடந்த உடம்பில் எறும்பு ஏறாமல் இருக்காது. அதற்கு ஈரம் வேண்டும். இமையோரம், உதடு, கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு என்று தேடிப் போய் மேல்தோலை மட்டும் அரித்துத் தின்னும். அந்த இடம் காய்ந்ததும் பழுப்பு மஞ்சளாக, பழைய தோல் காகிதம் மாதிரி விறைத்து நிற்கும். கழுத்தில் இப்படி நாலு திட்டு இருந்தால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? நகம் பதிந்த தடம், நெரித்திருக்கிறார்கள் என்றுதான். தொடையில் இருந்தால் இன்னும் மோசமான கதை ஒன்று உடனே தயாராகிவிடும். கைபேசியில் எடுத்த படம் மதியத்துக்குள் மாவட்டம் முழுக்கச் சுற்றும், “உடம்பெல்லாம் காயம்” என்ற வாசகத்தோடு.

உயிரோடிருந்தபோது பட்ட காயம் என்றால் சுற்றிலும் சிவந்திருக்கும், அடியில் ரத்தம் கசிந்திருக்கும், எறும்புக் கடியில் அது இருக்காது என்று பேராசிரியர் விளக்கினார். அப்பாடா, தீர்ந்தது என்று நான் நோட்டை மூடப் போனேன். “இருங்க, முடியல” என்றார். உயிர் போவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பு பட்ட காயத்திலும் அந்தச் சிவப்பு வந்திருக்காது. உடம்புக்கு நேரம் இருந்திருக்காது. சாவுக்குச் சற்று முன், சற்றுப் பின் என்ற அந்தக் குறுகிய இடைவெளியில் வெறும் கண்ணால் பார்த்து யாராலும் கோடு கிழிக்க முடியாது. கொலை நடப்பதென்னவோ அந்த இடைவெளியில்தான்.

ரத்தக்கட்டு விஷயமும் இப்படித்தான். இதயம் நின்றதும் ரத்தம் தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி இறங்கும். மல்லாந்து கிடந்தவருக்கு முதுகு முழுக்கக் கருநீலத் திட்டு படரும். வீட்டார் உடம்பைக் குளிப்பாட்டத் திருப்பும்போது அதைப் பார்த்துவிட்டு, அடித்தே கொன்றிருக்கிறார்கள் என்று அலறுவது இயல்பு. மேசையில் டாக்டர் செய்வது எளிய வேலை. அந்த இடத்தைக் கத்தியால் கீறித் தண்ணீர் விடுவார். தேங்கிய ரத்தம் என்றால் கழுவிக்கொண்டு போய்விடும், அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் சதையோடு ஒட்டி நிற்கும். புது உடம்பில் இது தெளிவாகத் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் இரண்டு நாள் வயலில் கிடந்த உடம்பில் இரண்டும் ஒன்றாகக் குழைந்துபோயிருக்கும். அழுகும்போது உள்ளே காற்று உப்பி நாக்கை வெளியே தள்ளும், கண்ணைப் பிதுக்கும், மூக்கிலும் வாயிலும் ரத்தம் கலந்த நீரை வழியவிடும். கழுத்தை நெரித்தால் என்னென்ன ஆகும் என்று சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்ததோ, அத்தனையையும் வெயில் தானே செய்து காட்டும்.

இந்தத் தெளிவின்மை யாருக்கு உதவுகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிதம்பரத்துக்காரர்கள் கேட்கக் காரணமும் இருக்கிறது. 1992-ல் அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் திருட்டு வழக்கு விசாரணைக்கு என்று பிடித்து வைக்கப்பட்ட ஒருவர் செத்துப்போனார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது போலீஸ். தூக்கா, நெரிப்பா? பாடப்புத்தகத்தில் பதில் பளிச்சென்று இருக்கிறது: தூக்கில் கயிற்றுத் தடம் சாய்வாக மேலேறி முடிச்சுப் பக்கம் விட்டுப்போகும், நெரிப்பில் படுக்கைவாட்டில் கழுத்தைச் சுற்றி முழுதாக ஓடும். ஆனால் பின்னாலிருந்து மேல்நோக்கி இழுத்து நெரித்தால் தடம் சாய்வாகத்தான் விழும். ஜன்னல் கம்பியில் கட்டி உட்கார்ந்தவாக்கில் தூக்கில் தொங்கினால் தடம் ஏறக்குறைய படுக்கையாகத்தான் இருக்கும். நாவடி எலும்பு உடைந்திருந்தால் கொலை என்று துப்பறியும் கதைகள் சொல்லும். வயதானவர்களுக்குத் தூக்கிலேயே அது உடையலாம். இளைஞர்களுக்கு எலும்பு இன்னும் வளைந்து கொடுக்கும் என்பதால் கையால் நெரித்தாலும் உடையாமல் இருக்கலாம்.

அப்படியானால் அண்ணாமலைநகர் வழக்கில் உடம்பு போலீசைக் காப்பாற்றியதா? அந்த வழக்கை வழக்காக்கியது கழுத்துத் தடம் பற்றிய வாதம் மட்டுமென்று நினைத்தால் தவறு. அதே நிலையத்தில் தனக்கு நடந்ததை அவர் மனைவி வாய்திறந்து சொன்னார். அவரோடு தெருவில் நின்றவர்கள் இருந்தார்கள். ஒரு மனிதர் சட்டவிரோதமாக நாள்கணக்கில் லாக்கப்பில் இருந்தார் என்பதை நிறுவ எந்த எலும்பும் உடைந்திருக்க வேண்டியதில்லை.

அதே ஊரில் இதற்கு இருபது வருடம் முந்தைய ஒரு சாவு இன்றும் டீக்கடைப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. 1971-ல் முதல்வர் கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்த சமயம் மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள், போலீஸ் தடியடி நடத்தியது, உதயகுமார் என்ற மாணவர் நீர்நிலையில் பிணமாகக் கிடந்தார். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கட்சி மேடைகளில் அந்தப் பெயர் அரை நூற்றாண்டாக வந்துபோகிறது. அந்தச் சாவைப் பற்றி நான் தீர்ப்பு எழுதவில்லை. தண்ணீரிலிருந்து எடுத்த எந்த உடம்பும் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதை மட்டும் பாருங்கள். மூக்கிலும் வாயிலும் சோப்பு நுரை போல மெல்லிய வெண்ணுரை இருந்தால் உயிரோடு தண்ணீரில் மூச்சு இழுத்தார் என்று சொல்லலாம். நேரமானால் நுரை போய்விடும். உள்ளங்கையும் பாதமும் வண்ணாத்தி கை போலச் சுருங்கியிருப்பது தண்ணீரில் கிடந்ததற்கு அடையாளமே தவிர மூழ்கிச் செத்ததற்கு அடையாளமில்லை. செத்தபின் தூக்கிப் போட்டாலும் சுருங்கும். உதடும் காதும் சிதைந்திருந்தால் மீனும் நண்டும் காரணமாக இருக்கலாம். சரி, மூழ்கித்தான் செத்தார் என்று உறுதியாகவே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடிக்குப் பயந்து ஓடி விழுந்தாரா, தள்ளினார்களா, தானே குதித்தாரா? நுரையீரலுக்குள் இருக்கும் தண்ணீருக்கு அதெல்லாம் தெரியாது. கரையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

சிதம்பரத்திலோ கடலூரிலோ செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு மருத்துவர் சாட்சிக் கூண்டில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த காட்சி பழக்கமாக இருக்கும். எதிரித் தரப்பு வக்கீல் எழுந்து மிக மரியாதையாகக் கேட்பார்: “டாக்டர், இந்தத் தலைக்காயம் கல்தரையில் விழுந்தாலும் ஏற்படக்கூடியதுதானே?” டாக்டர் நேர்மையானவராக இருந்தால் ஒரே பதில்தான் உண்டு: “ஏற்படலாம்.” வக்கீல் உட்கார்ந்துவிடுவார். மறுநாள் பேப்பரில் ‘கீழே விழுந்ததால் காயம்: டாக்டர் பரபரப்பு சாட்சியம்’ என்று வரும். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. கட்டையால் அடித்தாலும் ஏற்படலாம் என்று அரசுத் தரப்புக்கு அரைமணி முன்பு சொன்னவரும் அவர்தான். ‘ஏற்படலாம்’ என்ற சொல்லின் இரு பக்கமும் உண்மை. உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் தெளிவாக்கியிருக்கிறது. மருத்துவரின் கருத்து ஆலோசனைதான். நேரில் கண்டவரின் நம்பத்தக்க சாட்சியத்தை, அது நடந்திருக்கவே முடியாது என்று மருத்துவம் முற்றாக மறுத்தாலொழியத் தள்ளிவிட முடியாது. சட்டம் இவ்வளவு நிதானமாக இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் அவசரம்?

2022 ஜூலையில் இந்த அவசரம் எங்கே கொண்டு விட்டது என்று பார்த்தோம். கடலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து போய்க் கள்ளக்குறிச்சி அருகே விடுதியில் தங்கிப் படித்த மாணவி 13-ம் தேதி இறந்தார். மறுநாள் பிரேதப் பரிசோதனை. 17-ம் தேதி பள்ளி எரிந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 19-ம் தேதி இரண்டாவது பரிசோதனை. பிறகு இரண்டு அறிக்கைகளையும் ஜிப்மர் மருத்துவர்கள் மூவர் படித்துக் கருத்துச் சொன்னார்கள். குடும்பம் அதை ஏற்கவில்லை. ஒரு தாய் அப்படித்தான் இருப்பார், அவரோடு எனக்கு வாதம் கிடையாது. என் வாதம் யூடியூபில் இரண்டு அறிக்கைகளையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, “முதலில் இல்லாத காயம் இரண்டாவதில் எப்படி வந்தது?” என்று ஆறு வித்தியாசம் கண்டுபிடித்த மேதைகளோடு.

எப்படி வரும்? ஆழத்தில் கசிந்த ரத்தம் மேல்தோலுக்கு வந்து தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். முதல் நாள் தெரியாத ரத்தக்கட்டு நாலாம் நாள் தெரிவது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். முதல் பரிசோதனையில் கீறிய இடத்தில் ரத்தம் கசிந்து புதுத் திட்டு உண்டாவதும் உண்டு. உள்ளுறுப்புகள் ஏற்கெனவே வெளியே எடுத்து அறுத்துப் பார்க்கப்பட்டவை, சில ஆய்வகத்துக்குப் போய்விட்டவை. குளிர்பெட்டியில் தோல் நிறம் மாறியிருக்கும். இரண்டாவது பரிசோதனை என்பது முதல் பரிசோதனையின் மறுபதிப்பு கிடையாது. இன்னொருவர் பிரித்துத் திரும்பத் தைத்த உடம்பைப் பார்ப்பது அது. வித்தியாசம் இருந்தால் ஒருவர் விலைபோயிருக்க வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்திருந்தால் எனக்குத்தான் சந்தேகம் வந்திருக்கும்.

இன்னொன்று. அறிக்கையின் கடைசியில் பல நேரம் இறப்பின் காரணம் பற்றிய கருத்து ரசாயனப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதியிருப்பார்கள். “பாத்தீங்களா, இழுத்தடிக்கறாங்க” என்பார்கள். அந்த ஒரு வரிதான் அந்தக் காகிதத்திலேயே மிக நேர்மையான வரி. இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகள் உப்புக் கரைசலில் ஊறிக்கொண்டு தடய அறிவியல் ஆய்வகத்தில் வரிசையில் காத்திருக்கும். 1849-லேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் வைத்த மாநிலம் இது, ஆனாலும் முடிவு வர மாதங்கள் ஆகிறது. அந்தத் தாமதத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். முடிவு வந்தபின்னும் ‘நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை’ என்றால் நஞ்சு இல்லை என்று அர்த்தமில்லை. பூச்சிமருந்து வாடையை டாக்டர் மூக்கே பிடித்துவிடும். அரளி விதை போன்றவை வழக்கமான சோதனைகளில் எளிதில் சிக்காது. தேடாததும் அழுகியதும் கிடைக்காது.

இதையெல்லாம் சொன்னால் ஒரு நண்பர் கோபப்பட்டார். “நீ சொல்றதப் பாத்தா அடிச்சுக் கொன்னவன் எல்லாம் தப்பிச்சிரலாம் போலிருக்கே” என்றார். நேர்மாறானது நடக்கிறது என்பேன். ஒட்டுமொத்தக் கவனத்தையும் மேசையின் மேல் குவித்து வைத்திருப்பதால்தான் தப்பிக்கிறார்கள். மேசைக்கு வருவதற்கு முன்பே விளையாட்டு முடிந்துவிடுகிறது. 1993 மார்ச்சில் கம்மாபுரம் காவல் நிலையத்தில் முதனை ராஜாக்கண்ணு அடிபட்டுச் செத்ததும் என்ன செய்தார்கள்? அவர் தப்பியோடிவிட்டார் என்று எழுதினார்கள். உடம்பு அடுத்த மாவட்டத்தில் மீன்சுருட்டிப் பக்கம், யாரென்று தெரியாத பிணமாகக் கிடந்தது. ஊர், பேர், லாக்கப் எதுவும் ஒட்டியிராத ஒரு உடம்பைத் திறக்கும் மருத்துவருக்கு அது சாலையோரத்தில் கிடந்த ஒருவர், அவ்வளவுதான். உடம்பை அதன் கதையிலிருந்து அறுத்துவிட்டால் காயங்கள் எந்தக் கதைக்கும் பொருந்தும். அந்தத் தந்திரம் தெரிந்துதான் எல்லை தாண்டிப் போட்டார்கள். அதை உடைத்தது பிணவறை இல்லை. மனைவி பார்வதி விடாமல் அலைந்தார், வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போனார், லாக்கப்பில் கூட அடிபட்டவர்கள் சாட்சி சொன்னார்கள், புகைப்படத்தை வைத்து அந்த அநாதைப் பிணத்துக்குப் பெயர் கிடைத்தது. 2006-ல் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் காவலர்களுக்கு ஆயுள் தண்டனை நிலைத்தது. இந்த வழக்கை வைத்து எடுத்த ‘ஜெய் பீம்’ படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள்கூடப் படம் முடிந்ததும் ‘போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல என்ன இருந்துச்சு?’ என்றுதான் கேட்டார்கள்.

கத்தி பிடிப்பதற்கு முன்பு நடப்பதைக் கேளுங்கள். சம்பவ இடத்தைக் கயிறு கட்டிக் காத்தார்களா, இல்லை ஊரே நடந்து போனதா? கயிற்றை முடிச்சோடு எடுத்தார்களா, அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்தார்களா? பிரேத விசாரணையில் கையெழுத்துப் போட்ட பஞ்சாயத்தார் உடம்பைப் பார்த்தார்களா, ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்களா? காவல் மரணமென்றால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்று 2006 முதல் சட்டம் சொல்கிறது, அவர் வந்தாரா? ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் சொல்கிறது, ஆனால் மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் கொடுக்கிறது. அந்த அவகாசம் ஏன் என்று கேட்டு எந்த ஊரிலும் மறியல் நடந்ததாகத் தெரியவில்லை. உடலை வாங்க மாட்டோம் என்று மூன்று நாள் உட்காருகிறோம். அந்த மூன்று நாளில் உடம்பு இன்னும் கொஞ்சம் அழுகுகிறது.

உடம்பே இல்லாத வழக்கு ஒன்று கடலூரிலேயே இருக்கிறது. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை முருகேசன், கண்ணகி. முருகேசன் தலித், ரசாயனப் பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர், வணிகவியல் பட்டதாரி. 2003 மே 5-ம் தேதி யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8-ம் தேதி பிடித்துக் கொண்டுவந்து மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்துவிட்டார்கள். கீறிப் பார்க்கத் தோலோ, உப்பில் போட இரைப்பையோ மிச்சமில்லை. ‘போஸ்ட்மார்ட்டத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும்’ என்பவர்கள் சொல்லட்டும், இதில் எது வெளியே வரும்? போலீஸ் ஒன்பது நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். போட்டது, அதிலும் இரண்டு தரப்பும் சேர்ந்து செய்ததாகக் கதை கட்டி, பிள்ளையை இழந்த பக்கத்து ஆட்களையும் எதிரிகளாக்கியது. 2004-ல் சி.பி.ஐ. வந்தது. சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள்.

2021 செப்டம்பர் 24-ம் தேதி கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, தந்தை உள்ளிட்ட 12 பேருக்கு ஆயுள். அந்தப் பன்னிரண்டு பேரில் கதை கட்டிய போலீஸ் அதிகாரிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். 2022-ல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து இரண்டு பேரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் மற்றவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது. இருபத்திரண்டு வருடம் அந்த வழக்கைத் தாங்கி நின்றவர்களில் முருகேசனின் சிற்றன்னையும் ஒருவர். எதிரித் தரப்பு வக்கீல்கள் எத்தனை கேள்வி கேட்டும் “ஏற்படலாம்” என்று சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் கண்டதைச் சொன்னார்.